எதில் கரைத்தால் என்ன?

மதுரை ரயில் போடிக்கு வந்து நின்றது. மதுரையில் பத்து நாள் தங்கிக் கண் அறுவை முடித்த அம்மாவைக் கைப்பிடித்து இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதற்குள் ரேணுகாவுக்குச் செய்தி வந்துவிட்டது.

"என்ன தாயி, ஒங்க கம்பெனில நம்ம பொன்னுமணி லோடைக் கெடுத்துப்புட்டாளாமே?" என்றார் ஆட்டோக்காரர். "மொத்தமாத் திரும்பி வந்துருச்சுன்னு பேசிக்கிறாக. ஜீப்பு ஸ்டாண்டு பூரா இதே பேச்சுதான்."

"யாரு சொன்னது?"

"வேற யாரு, ஒங்க மொதலாளியேதான். அவ கைய வச்ச எதுவும் வெளங்காதுன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி சத்தம் போட்டுச் சொன்னாராம்."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆயம்மாள், "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போடி" என்றாள். மகள் மூச்சுவிடும் விதத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ரேணுகா சோறு தின்னவில்லை. அம்மாவை வீட்டில் விட்டு, அதே ஆட்டோவை முந்தல் சாலைக்குத் திருப்பச் சொன்னாள்.

மாந்தோப்புகளைத் தாண்டி, மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது முதலாளி ஜக்கையனின் தொழிற்கூடம். பரம்பரை ஏலக்காய் வியாபாரி. விலைபோகாத உடைசல் காய்களை எரிசாராயத்தில் ஊறவைத்துச் சத்து எடுத்து, பிஸ்கட் கம்பெனிகளுக்கு விற்கத் தொடங்கியவர், கையில் காசு புரண்டபோது அழுத்தக் கலம் ஒன்றை வாங்கிப் போட்டார். ஓசூரில் இருக்கும் ஒரு மருந்துக் கம்பெனி தன் சில்லறை வேலைகளை வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் உள்ளது. ரத்த அழுத்த மாத்திரைக்கான மூலப்பொருள் தயாரிப்பில் ஒரு படியைச் செய்து தரும் வேலை ஜக்கையனுக்குக் கிடைத்தது. அந்த வேலைக்காகத்தான் ரேணுகாவை வேதியியலாளராகச் சேர்த்தார். அழுத்தக் கலத்தைப் பார்த்துக்கொள்ள அவள் சேர்த்த ஆள் பொன்னுமணி.

முற்றத்தில் நீலநிற டிரம்கள் வரிசையாக நின்றிருந்தன. ஓசூரிலிருந்து திரும்பி வந்தவை. ரேணுகா ஒன்றின் மூடியைத் திருகித் திறந்தாள். ஏலக்காய் மணத்தது.

மாத்திரை மூலப்பொருளில் ஏலக்காய் மணக்கக் கூடாது. விசாரணை அவளைப் பொறுத்தவரை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

ஜக்கையன் அலுவலக அறையில், தட்டில் கொட்டிய ஏலக்காயை உள்ளங்கையில் அள்ளி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. ஆத்தாளுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தெரியுது. இந்த லோடை எதுல ஓட்டுனீக?"

"என்னது, எதுல?"

"கரைக்கிறதுக்கு எதை ஊத்துனீகன்னு கேக்குறேன்."

"ஓ, அதா! ஆசிட்டு தீந்துபோச்சு. வேற லோடு வர ரெண்டு நாளாகும்னான். ஓசூர்க்காரன் வெரசா, வெரசான்னு கழுத்துல ஒக்காந்திருக்கான். நம்மகிட்டதான் காயி ஊறவச்சு வடிச்ச சாராயம் பேரல் பேரலாக் கெடக்குல்ல. அதை ஊத்தச் சொன்னேன்." அவர் ஏலக்காயைத் தட்டில் போட்டார். "கரைக்கத்தானே ஆத்தா? எதுல கரைச்சா என்ன?"

இந்தக் கேள்வி ரேணுகாவின் காதில் விழுவது இது முதன்முறை அல்ல. சொல்லப்போனால், அவள் வாழ்க்கையில் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போயிருந்தது.

அவள் பிறந்தது போடிமெட்டுக்கு அப்பால், சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டம் ஒன்றின் லைன் வீட்டில். அம்மா காய் எடுக்கிறவள். அப்பா மருந்து அடிக்கிறவர். அவர் நெஞ்சுவலியில் போனபோது ரேணுகாவுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டுப் பொன்னுமணி அவளைவிட ஆறு வயது மூத்தவள். மழையில் ஓடை பெருகும் நாட்களில் ரேணுகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள். பிறகு பொன்னுமணி கூடையைக் கட்டிக்கொண்டு காய் எடுக்கப் போனாள், பின்னால் போடிக்குக் குடிவந்து அங்கிருந்து ஜீப்பில் போய்வந்தாள். ரேணுகா போடிக்கு இறங்கி விடுதியில் சேர்ந்தாள். போடியில் பள்ளி, மதுரையில் கல்லூரி, பிறகு ஆராய்ச்சி. மலையில் அவளைப் பற்றிப் பேசும்போது, "ஆயம்மா மக எதையோ கரைக்கிறாளாம்" என்பார்கள்.

உண்மையில் அவள் எதையோதான் கரைத்தாள். ஆறு வருடங்கள்.

சில மூலக்கூறுகளுக்கு இடது, வலது உண்டு. செருப்பு ஜோடி மாதிரி. தோல் ஒன்று, அளவு ஒன்று, எடை ஒன்று. ஆனாலும் இடது செருப்பு வலது காலுக்கு ஏறாது. உடம்பும் அப்படித்தான். மாத்திரையில் ஒரு பக்கத்து மூலக்கூறு வேலை செய்யும். மறுபக்கத்தது சும்மா கிடந்தாலே புண்ணியம், சில சமயம் கெடுதலும் செய்யும். வெறும் பிளாட்டினத் தூளின் மேல் ஹைட்ரஜனைச் சேர்த்தால் இரண்டும் பாதிப் பாதியாகப் பிறக்கும். உலோகத்துக்குக் கை பேதம் தெரியாது. அதற்குக் கற்றுக்கொடுக்க ஒரு வழி இருக்கிறது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தெடுத்த சிங்கோனாப் பட்டையிலிருந்து வரும் ஒரு சத்தைத் துளி சேர்த்தால், அது பிளாட்டினத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பக்கத்தில் வந்து படுக்கிற மூலக்கூறு ஒரு முகமாகத்தான் படுக்க முடியும். ஹைட்ரஜன் கீழே உலோகத்திலிருந்து ஏறும். எந்த முகம் கீழே இருக்கிறதோ அந்த முகத்தில் ஒட்டும். வலது பிறக்கும்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இவையெல்லாம் எதற்குள் மிதக்கின்றன என்பதுதான் ரேணுகாவின் கேள்வி. காடிக்குப் புளிப்பு தருகிறதே, அந்த அசெட்டிக் அமிலத்தில் மிதக்கவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வலதாக வரும். அமிலம் பட்டைச் சத்துக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது. அதை வைத்து அது பக்கத்து மூலக்கூறை இறுக்கிப் பிடிக்கிறது. சாராயத்தில் மிதக்கவிட்டால் பிடி நழுவுகிறது. சாராயமே குறுக்கே வந்து கைகோத்துக்கொள்கிறது. பட்டைச் சத்து உடம்பை வேறு மாதிரி வளைத்துக்கொள்கிறது. உலோகத்தில் இடம் பிடிக்கவும் போட்டி வந்துவிடுகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. வித்தியாசம் உண்டு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

அவளுடைய நெறியாளருக்கு மட்டும் இருந்தது. "கரைப்பான் என்னம்மா பெரிய விஷயம்? அட்டவணையில ஒரு பத்தி" என்பார். அந்த ஒரு பத்திக்காக ஆறு வருடங்கள் ராத்திரி பகலாக நின்றவளை முன்னால் வைத்துக்கொண்டு சொல்வார். பட்டம் வந்தது. வேலை வரவில்லை. ஐதராபாத்தில் ஒரு நேர்காணலில், கண்ணாடி போட்ட ஒருவர் அவளுடைய ஆய்வுத் தலைப்பைப் படித்துவிட்டுச் சிரித்தே விட்டார். அம்மாவின் கண் மங்கத் தொடங்கியதும் அவளை மலையிலிருந்து கூட்டிவந்து போடியிலேயே குடியேறினாள்.

பொன்னுமணியை வேலைக்கு எடுத்தபோது ஊரே சிரித்தது. காய் பொறுக்கிறவளுக்குக் கெமிஸ்ட்ரியா? ரேணுகா அவளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித்தரவில்லை. பிளாட்டினத் தூளைக் காற்றுப் படாமல் நனைப்பது, பட்டைச் சத்தை அளந்து சேர்ப்பது, வாயுவை மெல்லத் திறப்பது ஆகியவற்றைச் சொல்லித்தந்தாள். ஏன் அமிலத்தில்தான் கரைக்க வேண்டும் என்று பொன்னுமணி ஒருநாள் கேட்டபோது ரேணுகா சொன்னாள்:

"தோட்டத்துக்குப் போனப்ப ஜீப்புல எப்பிடிக்கா ஒக்காருவ?"

"அந்தக் கூத்தை ஏன் கேக்குற? இருவது பேர அடைச்சா எப்பிடி ஒக்கார முடியும்? ஒருச்சாஞ்சுதான்."

"காலி ஜீப்புல?"

"காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டு ராணியாட்டம் போவேன்."

"அம்புட்டுத்தேன். சுத்தி யாரு நெருக்குறாங்கிறதைப் பொறுத்துத்தான் யாரும் ஒக்கார்றது. ஆசிட்டு நெருக்குற மாதிரி சாராயம் நெருக்காது."

பொன்னுமணி விழுந்து விழுந்து சிரித்தாள். "இதைச் சொல்லவா ஆறு வருசம் படிச்ச? எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரு நாள்ல சொல்லிருப்பேன்டி."

ரேணுகாவும் சிரித்தாள். அவளுடைய படிப்பைக் கிண்டல் பண்ணும் உரிமையை அவள் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

இப்போது ஜக்கையனின் மேசைக்கு முன்னால் நிற்கும்போது சிரிப்பு வரவில்லை.

"சாராயத்தை ஊத்தச் சொன்னது நீங்க. ஸ்டாண்டுல போயி பொன்னுக்கா பேரைச் சொன்னதும் நீங்க. இது எந்த ஊரு நாயம்ண்ணே?"

"கோவப்படாத ஆத்தா. அவ நனைக்கிறப்பக் கை பதறிருக்கும். வேற என்ன? அப்பிடியே சாராயத்தால ஒண்ணு ரெண்டு மாறிருந்தாத்தான் என்ன? இடது வலது ரெண்டும் உள்ளதானே கெடக்கு? சலிச்சுப் பிரிச்சுட்டுப் போறது! நல்லதை ஓசூருக்கு அனுப்பு, மிச்சத்தைக் கம்மி வெலைக்குத் தள்ளு. ஏலக்காயில பருமன் பாத்து எட்டு மில்லி, ஏழு மில்லி, உடைசல், தூளுன்னு நாம பிரிக்காததா?"

ரேணுகா தட்டிலிருந்த ஏலக்காயைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு முழுதும் விளங்கியது. இந்த மனிதர் அலட்சியத்தில் மட்டும் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் கெட்டுப்போன சரக்கு என்று ஒன்றே கிடையாது. எதை வேண்டுமானாலும் எப்படியும் விளைவிக்கலாம், உலர்த்தலாம். கடைசியில் சல்லடை இருக்கிறது. மேல் தட்டில் நின்றது ஒரு விலை, கீழே விழுந்தது ஒரு விலை. மூன்று தலைமுறையாக அவர் குடும்பம் சல்லடையை நம்பித்தான் சாப்பிட்டிருக்கிறது.

"இது சல்லடைல பிரியாதுண்ணே. எடை ஒண்ணு. கொதிக்கிற சூடு ஒண்ணு. காய்ச்சி வடிச்சாலும் ரெண்டும் கூடவே வரும்."

"பிரிக்கவே முடியாதா?"

"முடியும். அதுக்கும் கை பேதம் தெரிஞ்ச வேற ஒரு சரக்கு வேணும். அந்தச் செலவுக்கு இன்னும் நாலு லோடு புதுசாவே ஓட்டிறலாம். பொறக்கிறப்பவே வலதாப் பொறக்கணும். அதுக்குத்தான் ஆசிட்டு."

ஜக்கையன் முகம் சுருங்கியது. ஆனால் அது டிரம்களுக்காகச் சுருங்கியது, பொன்னுமணிக்காக அல்ல. "சரி, ஆனது ஆச்சு. நாளைக்கி ஓசூர்லருந்து யோகராஜ் வர்றாப்ல. எப்பிடி ஆச்சுன்னு கேப்பாப்ல. நனைக்கிற பொம்பள புதுசு, தெரியாமப் பண்ணிட்டான்னு சொல்லிருவோம். ஒரு ஆளை நிப்பாட்டிட்டோம்னா அவுகளுக்கும் திருப்தி. கான்ட்ராக்ட்டு நெலைக்கும். ஒனக்கும் சோலி நெலைக்கும்."

"பொன்னுக்காவுக்கு?"

"அவளுக்கென்ன, ஜீப்பு ஏறித் தோட்டத்துக்குப் போறா. என்ன பெரிய கலெக்டர் உத்தியோகமா போச்சு?"

ஜீப்பு ஏற முடியாது என்பதை ரேணுகா அன்று மாலை தெரிந்துகொண்டாள்.

பொன்னுமணி வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மொக்கச்சாமி அண்ணன் ஜீப்புல எடமில்லைன்னுட்டாரு" என்றாள்.

விடியும் முன் போடியில் நூற்றுக்கணக்கான பெண்கள் தூக்குவாளியோடு கூடுகிறார்கள். ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. யாரை ஏற்றுவது என்பதை ஜீப்பு ஓட்டுகிறவர்தான் முடிவுசெய்வார். தோட்டத்துக்காரரிடம் ஆளுக்குப் பொறுப்பு அவர். மொக்கச்சாமி மோசமானவர் அல்ல. ஆனால் முதலாளி ஒருவர் அத்தனை பேர் முன்னால் 'இவள் கை வைத்தால் விளங்காது' என்று சொன்ன பிறகு, அவளை ஏற்றிப்போய் அங்கே ஒரு உலர்த்தும் ஸ்டோரில் காய் கருகினால் யார் பதில் சொல்வது? அந்த ஸ்டாண்டில் விழுந்த சொல் ஜீப்புக்கு முன்னால் மலை ஏறிவிடும்.

"மொதலாளி வேலைக்கு வராதன்னுட்டாரு. பத்து ஜீப்பு கேட்டுட்டேன்" என்றாள் பொன்னுமணி. "ஒருத்தி ஏங்கிட்டயே கேக்குறா, 'அடியே, விஷத்தையா கலந்த?'ன்னு. நான் என்னடி பண்ணேன்? ஆசிட்டுக் காணோமே மொதலாளின்னேன். சாராயத்தை ஊத்துன்னாரு. ரேணு வந்துரட்டுமேன்னேன். 'அவளா சம்பளம் குடுக்குறா?'ன்னாரு. ஊத்துனேன். சொன்னதைச் செஞ்சது ஒரு குத்தமா?"

"இல்லக்கா."

"அப்ப இல்லைன்னு யாரு சொல்றது?"

"நாளைக்கி ஓசூர் ஆளு வர்றாரு. அவரு முன்னாடி ரெண்டு சின்னக் கலத்துல ஓட்டுவோம். ஒண்ணு ஆசிட்டுல, ஒண்ணு அதே சாராயத்துல. ரெண்டையும் நீதான் நனைக்கணும். ஒரே கை, ஒரே தூளு, ஒரே பட்டைச் சத்து. வித்தியாசம் எதுல வருதுன்னு அவுகளே பாக்கட்டும்."

பொன்னுமணி கீரையைக் கீழே போட்டாள். அவள் கோபப்பட்டு ரேணுகா அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் எதுக்குடி வரணும்? தப்புப் பண்ணாதவ எதுக்குப் பரிச்சை எழுதணும்? பண்ண ஆளு சேர்ல ஒக்காந்து பாப்பாரு, நான் கையக் கட்டிக்கிட்டு நிரூபிக்கணுமாக்கும்!"

அது சரியான கேள்வி. தான் சொன்ன யோசனையிலேயே ஒரு அநியாயம் உட்கார்ந்திருப்பதை ரேணுகா கவனித்திருக்கவில்லை. கீழே கிடந்த கீரையைப் பொறுக்கியபடி, "நீ வரலைன்னாலும் நான் ஓட்டுவேன்க்கா" என்றாள். "ஆனா நான் நனைச்சா, 'டாக்டரம்மா நனைச்சா நல்லா வருது, அவ நனைச்சாத்தான் கெடுது'ம்பாரு. அதுக்கு வாயடைக்க ஒன் கைதான் வேணும்."

பொன்னுமணி அவள் கையிலிருந்து கீரையை வாங்கி, கடைசித் தண்டு வரை ஆய்ந்தாள். "வர்றேன்" என்றாள் கடைசியில். "வந்துட்டு நாலு கேள்வி கேக்காமத் திரும்ப மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

யோகராஜ் இஸ்திரி கலையாத சட்டையோடு வந்தார். ஓசூர்க் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. நல்ல படிப்பு, மரியாதையான பேச்சு. இரண்டு கலத்திலும் ஓட்டிக் காட்டுகிறோம் என்று ரேணுகா சொன்னபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் உட்கார்ந்தார். சின்னக் கலத்துக்குப் போதுமான அசெட்டிக் அமிலம் வாங்கி வர ரேணுகா காலையிலேயே தேனிக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

பொன்னுமணி இரண்டு கலங்களையும் அவர்கள் கண் முன்னால் தயார்செய்தாள். அவசரப்படவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜக்கையன் மட்டும் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது சிந்துமா என்று. ஒன்றும் சிந்தவில்லை.

பிற்பகலில் கரைப்பானை நீக்கி, இரண்டையும் குழாயில் எடுத்து, ஒளிச் சுழற்சிமானிக்குள் ஒவ்வொன்றாக வைத்தாள் ரேணுகா. வலது கூடினால் ஒளி ஒரு பக்கமாக அதிகம் திரும்பும். இடது கலக்கக் கலக்க அந்தத் திருப்பம் குறையும். முதலில் அமிலத்தில் ஓட்டியது. யோகராஜ் கண்ணை வைத்துப் பார்த்து, கணக்கிட்டுத் தலையசைத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வலது. பிறகு சாராயத்தில் ஓட்டியது. அவர் இரண்டு தடவை பார்த்தார். எழுபத்தெட்டு. திரும்பி வந்த டிரம்களில் இருந்ததும் ஏறத்தாழ அதேதான்.

"நானும் பாக்குறேன்" என்றார் ஜக்கையன். அவர் வியாபாரி. அடுத்தவர் கண்ணை நம்பி அவர் ஒரு மூட்டை காய்கூட வாங்கியதில்லை. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது காது மடல்கள் சிவந்திருந்தன.

"கரைப்பான்தான் சார்" என்றாள் ரேணுகா. "வேற எதுவுமே மாறல."

"தெளிவா இருக்கு" என்றார் யோகராஜ். மடிக்கணினியைத் திறந்தார். "அப்ப நான் இப்படிப் போட்டுடறேன். காரணம்: மனிதத் தவறு. தீர்வு: சம்பந்தப்பட்ட பணியாளருக்கு மறுபயிற்சி. முடிஞ்சது. அடுத்த லோடு எப்ப தருவீங்க?"

ரேணுகா மடிக்கணினித் திரையைக் குனிந்து பார்த்தாள். நாள் முழுக்க நின்று காட்டியதற்கு இதுவா விடை? பிளாட்டினத்தின் மேல் ஒரு மூலக்கூறு எந்தப் பக்கம் படுக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல முடிகிறது. எந்த மனிதன் செய்தான் என்பதை எழுத மட்டும் கை வராதா?

"மனுசத் தவறுதான் சார். எந்த மனுசர்னு எழுதுங்க."

"மேடம், அப்படிப் பேரெல்லாம் போடற வழக்கம் இல்ல."

"வழக்கம் இல்லையா? பணியாளர்னு போட்டா அது யாரு? இந்த ஹால்ல பணியாளர்னு நிக்கிறது இவுக ஒருத்தர்தான். பேரைப் போடாமலேயே பேரைப் போட்டுட்டீங்களே!"

யோகராஜ் ஜக்கையனைப் பார்த்தார். ஜக்கையன் சட்டென்று எழுந்து, பெரிய மனிதத் தோரணையில் கையை உயர்த்தினார். "விடு ஆத்தா, விடு. எதுக்குப் பெரிசாக்கணும்? ஏ பொன்னுமணி, நடந்தது நடந்து போச்சு. நான் மன்னிச்சுட்டேன். நாளையிலருந்து வேலைக்கு வந்துரு."

பொன்னுமணி கையுறைகளைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

"மன்னிச்சுட்டீகளா?" என்றாள். "என்னத்தை மொதலாளி மன்னிச்சீக? நீங்க ஊத்தச் சொன்னதையா, நான் ஊத்துனதையா? மன்னிப்புக் குடுக்க நீங்க யாரு? எனக்குத்தேன் குடுக்குற பாத்தியதை. நான் இன்னும் குடுக்கல."

அவள் வெளியே நடந்தாள். யோகராஜ் மடிக்கணினியை மூடிவிட்டு, மதுரைக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அவர் போன பிறகு ரேணுகா சொன்னாள்: "அண்ணே, அடுத்த லோடை நான் ஓட்ட மாட்டேன்."

"என்னது?"

"எங்க வச்சுச் சொன்னீகளோ அங்கயே போயிச் சொல்லணும். ஸ்டாண்டுல. அம்புட்டு ஜீப்பும் நிக்கிறப்ப. சொன்னதுக்கப்புறம் ஓட்டுறேன்."

"என்ன, மெரட்டுறியா? போடில கெமிஸ்ட்டுக்கா பஞ்சம்? விளம்பரம் குடுத்தா நாளைக்கே பத்துப் பேரு வந்து நிப்பான்."

"நிப்பாக. சாராயத்துல கரைக்கச் சொன்னாக் கரைக்கிற ஆளு நெறையவே கெடைக்கும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். மலையடிவார ஊரில் அவள் படிப்புக்கு இருந்த ஒரே வேலை இதுதான். அம்மாவுக்கு இன்னொரு கண்ணுக்கும் அறுவை பாக்கி. ஆயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு மாட்டேன்னுட்டா?" என்றாள்.

"நானும் ஜீப்பு ஏறுறேன்."

"ஒனக்குக் காயே எடுக்கத் தெரியாதேடி. பிஞ்சு எது பழம் எதுன்னு தெரியாமப் பூரா உருவிருவ."

ரேணுகா அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டாள்.

இரண்டு நாட்கள் ஓசூரிலிருந்து தொலைபேசி வந்தபடி இருந்தது. ஜக்கையன் யார் யாரிடமோ விசாரித்துப் பார்த்தார். பட்டைச் சத்து, பிளாட்டினம் என்றதும் எல்லாரும் இரண்டு மாத அவகாசம் கேட்டார்கள். மூன்றாம் நாள் இருட்டு பிரியும் நேரத்தில் அவருடைய கார் ஸ்டாண்டுக்கு வந்து நின்றது.

இன்றாவது ஒரு ஜீப்பு கிடைக்குமா என்று கேட்க வந்த பொன்னுமணியோடு ரேணுகாவும் அங்கே இருந்தாள். ஜீப்புகள் உறுமிக்கொண்டிருந்தன. தூக்குவாளிகள் இடித்துக்கொண்டன. ஒருத்தி இன்னொருத்தியை இடுப்பில் கைகொடுத்து ஏற்றிவிட்டாள். ஜக்கையன் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி, மொக்கச்சாமியை அருகே அழைத்து, காதோடு ஏதோ சொன்னார்.

"கேக்கலையே மொதலாளி" என்றாள் பொன்னுமணி உரக்க. "அன்னைக்கி முந்தல் வரைக்கும் கேட்டுச்சு."

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். ஏறியவர்களில் சிலர் இறங்கினார்கள். ஜக்கையன் கதவைத் திறந்து வெளியே வந்தார். வேட்டியைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அந்த லோடு கெட்டது பொன்னுமணியால இல்ல" என்றார். "தப்பு எங்க பக்கம்."

"எங்க பக்கம்னா?" கூட்டத்திலிருந்து ஒரு குரல். "எத்தனை பேரு சாமி அந்தப் பக்கம்?"

"என் பக்கம்" என்றார் ஜக்கையன். "நான்தேன் மாத்தி ஊத்தச் சொன்னேன். அவ சொன்னதைச் செஞ்சா. போதுமா?"

யாரும் கைதட்டவில்லை. மொக்கச்சாமி தன் ஜீப்பின் பின்பக்கத் தட்டியைத் தட்டி, "ஏ, கொஞ்சம் நகந்து ஒக்காருங்க. பொன்னுமணிக்கு எடம் விடுங்க" என்றார்.

பொன்னுமணி ஏறினாள்.

ரேணுகா ஓடிப்போய்த் தட்டியைப் பிடித்தாள். "எங்கக்கா போற? இங்க வேலை இருக்கு. அவருதான் சொல்லிட்டாருல்ல!"

"சொல்லிட்டாரு. அதுனாலதேன் என்னால இதுல ஏற முடியுது." பொன்னுமணி சேலைத் தலைப்பை இழுத்துக் காதோடு கட்டினாள். "அந்தாளு முகத்துல தெனம் முழிச்சுக்கிட்டு, இன்னொரு நாளு எதையாவது ஊத்தச் சொன்னா ஊத்தவான்னு பயந்துக்கிட்டு, அது என்னால ஆகாதுடி. நீ திட்டாத."

ஜீப்பு புகையைக் கக்கிக்கொண்டு மெட்டுச் சாலையில் திரும்பியது. சொல் திரும்ப வந்துவிட்டது, சரி. ஆனால் மலை ஏறுவது யார்? தவறு செய்தவர் காரில் வந்தார், காரில் போவார். செய்யாதவள் தொங்கிக்கொண்டு போகிறாள். எந்தக் கரைப்பானில் போட்டாலும் இந்த ஊரில் இந்த ஒன்று மட்டும் ஒரே பக்கமாகத்தான் படுக்கிறது.

ஜக்கையன் அருகே வந்தார். "சொல்லிட்டேன்ல? இனி ஓட்டுவல்ல?"

"ஓட்டுறேன்."

"நனைக்கிறதுக்கு வேற பொம்பளயப் பாரு. அப்பறம், யோகராஜ் அந்த மறுபயிற்சி முடிஞ்சுதான்னு கேட்டு மெயில் போட்டிருக்காப்ல. அவதான் போயிட்டாளே, யாருக்குக் குடுக்குறது?"

ரேணுகா காரின் முன் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்கண்ணே. இன்னைக்கி நனைக்கப் போறது நீங்க. ஆசிட்டு வாசம் மூக்குல ஏறும், துண்டைக் கட்டிக்கங்க. காசு போட்டு வாங்குன தூளு, சிந்துனா நான் சத்தம் போடுவேன்."

ஜக்கையன் அவளைப் பார்த்தார். ஸ்டாண்டில் மிச்சமிருந்த பெண்களைப் பார்த்தார். அவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.